விசிறி ஏன் சுற்றவில்லை? பழுதான மின்சுற்றைக் கொண்டு ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் நான்காம் அலகு மின்னோட்டவியல். அதில் வரும் மின்சுற்றுகள் எதுவும் பழுதாவதில்லை. சாவியை மூடினால் மின்னோட்டம் பாயும், திறந்தால் நிற்கும். மாணவர் வீட்டிலும் தெருவிலும் பார்க்கும் சுற்றுகள் அப்படியல்ல. சுவிட்சைப் போட்டும் மோட்டார் ஓடாது, ஒயரைத் தட்டினால் ஓடும், மறுபடி நிற்கும். ஓம் விதியைப் பிழையின்றி எழுதும் மாணவரிடம் ஓடாத சுற்று ஒன்றைக் கொடுத்து "ஏன்?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில். அதனால் சில ஆண்டுகளாக இந்த அலகின் முடிவில் இரண்டு பாடவேளைகளைப் பழுதான ஒரு சுற்றுக்கு ஒதுக்குகிறேன். காரின் ரேடியேட்டர் விசிறியும், அதற்கென்று ஓட்டுநர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளும் கை சுவிட்சும்தான் அந்தச் சுற்று. அதை நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன்.

விக்கிரவாண்டிப் பிள்ளைகளுக்கு இந்த விசிறியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொங்கல், தீபாவளி விடுமுறை நாள்களில் சென்னை–திருச்சி சாலைச் சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்கும் வரிசையை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகும் பண்டிகைக் கூட்டத்தில் வண்டிகள் ஊரத்தான் செய்கின்றன. அந்த வரிசையில் பானட்டைத் திறந்து வைத்து ஓரமாக நிற்கும் கார் ஒன்றாவது கண்ணில் படும். "இந்தக் கார் சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நன்றாகத்தானே வந்தது? இங்கே வந்து ஏன் சூடாகிறது?" என்றுதான் பாடத்தைத் தொடங்குவேன்.

விடையை வகுப்பே கண்டுபிடித்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை, விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே விசிறி திண்டிவனத்துக்கு முன்பே பழுதாகியிருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. நெரிசல்தான் பழுதைக் காட்டிக்கொடுக்கிறது.

பழைய அம்பாசிடரில் விசிறியை இன்ஜினே பெல்ட் மூலம் சுற்றியது. 1983இல் வந்த மாருதி 800 போன்ற கார்களில் இன்ஜின் குறுக்காக அமைந்ததால், முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குத் தனி மின்மோட்டார் தேவைப்பட்டது. கூலன்ட் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் வெப்பச் சாவி ஒன்று மூடிக்கொள்ள, விசிறி ஓடும். இன்றைய கார்களில் அந்த முடிவை உணரி தரும் தகவலைக் கொண்டு கணினி எடுக்கிறது. இந்தத் தானியங்கி அமைப்பு பழுதானாலோ, அதன்மேல் நம்பிக்கை இல்லாமலோ சிலர் டேஷ்போர்டில் ஒரு கை சுவிட்சைப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய வண்டிகளில் இது சாதாரணம்.

இங்கே முதல் கேள்வி: வீட்டில் மின்விளக்குக்குப் போடும் 6 ஆம்பியர் சுவிட்சை நேராக இந்த விசிறிக்குப் போடலாமா? விசிறி எடுக்கும் மின்னோட்டம் சுமார் 15 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு விளக்கு அரை ஆம்பியரைக்கூடத் தொடுவதில்லை. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஷாக் அடிக்காது, ஆனால் சுவிட்ச் உருகும். தொடுமுனையைச் சூடாக்குவது மின்னோட்டம். மின்னழுத்தம் குறைவு என்பதாலேயே ஆபத்து இல்லை என்ற எண்ணத்தை உடைக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால்தான் நடுவில் ரிலே வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் படித்த மின்காந்தமேதான் அது. ரிலேயின் அடியில் 85, 86 என்று எண்ணிட்ட முனைகள் கம்பிச்சுருளுக்கு உரியவை. 30, 87 என்பவை கனமான தொடுமுனைகள். சுருளின் மின்தடை ஏறத்தாழ 80 ஓம். 12 வோல்ட்டுக்கு 0.15 ஆம்பியர். டேஷ்போர்டு சுவிட்ச் இந்த 0.15 ஆம்பியரை மட்டும் தாங்கினால் போதும், அது நூறு மடங்கு பெரிய மின்னோட்டத்தை இயக்குகிறது. கணக்கை மாணவர்களே போடட்டும், விடை வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும்.

அடுத்து, கை சுவிட்சை எங்கே இணைப்பது? வெப்பச் சாவிக்குத் தொடராகவா, பக்கமாகவா? தொடராக இணைத்தால் இரண்டும் மூடியிருந்தால்தான் விசிறி ஓடும். வெப்பச் சாவி பழுதானால் கை சுவிட்சைப் போட்டும் பயனில்லை. கை சுவிட்சைப் போட மறந்தால் நல்ல வெப்பச் சாவியும் வீண். பாதுகாப்புக்கு என்று போட்ட சுவிட்ச், பழுதாக இன்னொரு இடத்தைச் சேர்த்ததுதான் மிச்சம். பக்க இணைப்பில் எது ஒன்று மூடினாலும் போதும். தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் மின்தடைக் கூட்டல் சூத்திரங்களாக மட்டுமே அறிந்த மாணவர், அவை இரண்டு வெவ்வேறு முடிவெடுக்கும் முறைகள் என்பதை இங்கே பார்க்கிறார். மேல்நிலை வகுப்பில் தர்க்க வாயில்களை நடத்துபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் பழுது. வகுப்பறை மாதிரிக்குத் தேவையானவை: யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, கார் ரிலே ஒன்று, இரண்டு சுவிட்சுகள், 5 ஆம்பியர் ஃபியூஸ், விசிறிக்குப் பதிலாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, மலிவான மல்டிமீட்டர் ஒன்று. குழுவுக்கு ஒரு பலகை. ஒவ்வொன்றிலும் நானே ஒரு பழுதை ஒளித்து வைத்திருப்பேன். விதி ஒன்றே ஒன்றுதான்: எந்த உறுப்பையும் கழற்றக் கூடாது, மீட்டரை வைப்பதற்கு முன், என்ன காட்டும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும்.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விடுமுறையில் மெக்கானிக் செட்டுக்குப் போகும் பிள்ளைகள் உடனே "ரிலேயை மாத்திப் பாக்கலாம் சார்" என்பார்கள். நன்றாக மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் நோட்டில் சூத்திரம் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பார்க்க வேறுவேறாக இருந்தாலும் இருவரும் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில். சுற்றைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருவருக்கும் இல்லை.

பிரிப்பதற்கு முதல் கருவி காது. சுவிட்சைப் போட்டதும் ரிலேயில் 'டிக்' சத்தம் வருகிறதா? வந்தால் சுவிட்ச், சுருள், சுருளின் எர்த் எல்லாம் சரி. பழுது 30, 87 பக்கமோ, விசிறியிலோ, விசிறியின் எர்த்திலோ இருக்கிறது. சத்தம் வராவிட்டால் பழுது பெரும்பாலும் சுருள் பக்கம். ஒரே சத்தத்தில் பாதிச் சுற்று கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. மெக்கானிக்குகள் "டைரக்ட்" கொடுப்பதும், அதாவது விசிறியை ஃபியூஸ் வைத்த ஒயரால் நேராகப் பேட்டரியோடு இணைத்துப் பார்ப்பதும், இதே வேலைதான். விசிறி சுற்றினால் மோட்டார் நல்லது. இதைப் பார்க்காமல் புது மோட்டார் வாங்கியவர்கள் உண்டு.

இந்தப் பாடத்தின் உயிர் அடுத்த பழுதில் இருக்கிறது. ஒரு பலகையில் பல்புக்குப் போகும் ஒயரின் நடுவே 1000 ஓம் மின்தடையாக்கி ஒன்றை வைத்து டேப் சுற்றியிருப்பேன். மழைநீர் பட்டுப் பச்சை பூத்த இணைப்புக்கு இது பதில். சுவிட்சைப் போட்டால் ரிலே 'டிக்' என்கிறது, பல்பு எரியவில்லை. பல்பைக் கழற்றுவதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 11.99 வோல்ட்! "கரண்டு வருது சார், பல்புதான் போயிடுச்சு" என்று ஏகமனதாகத் தீர்ப்பு வரும். வேறு பல்பைக் கொடுப்பேன். அதுவும் எரியாது.

பல்பைப் போட்ட நிலையிலேயே, சுவிட்சும் போட்டபடி இருக்க, மறுபடி அளக்கச் சொல்வேன். ஹோல்டரில் இப்போது சுழியை ஒட்டிய அளவு. சற்று முன் இருந்த 12 வோல்ட் எங்கே போனது? மீட்டரின் இரு முனைகளையும் டேப் சுற்றிய இடத்தின் இரு புறமும் வைத்தால், 12 வோல்ட் முழுவதும் அங்கே இருக்கிறது.

காரணத்தைக் கணக்கால் காட்டுவது எளிது. மீட்டரின் உள்மின்தடை 10 லட்சம் ஓம் அல்லது அதற்கும் மேல். அதோடு 1000 ஓம் தொடராக நின்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம்தான் அந்த 1000 ஓமில் இழப்பாகும். மீட்டர் ஏறக்குறைய முழு 12 வோல்ட்டையும் காட்டிவிடும். பல்பின் மின்தடையோ எரியும்போதே 7 ஓம்தான். 1000 ஓமுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. இப்போது பாயும் மின்னோட்டம் 0.012 ஆம்பியர், பல்புக்குத் தேவை 1.75 ஆம்பியர். செட்டில் இதற்கு ஒரு சொல் உண்டு: "வோல்ட் காட்டுது, லோடு இழுக்கல." பாடநூல் மின்னழுத்த வேறுபாடு, மின்னோட்டம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வதைத்தான் அந்த வாக்கியமும் சொல்கிறது. மாணவர் வாயில் அது வந்தால் நான் திருத்துவதில்லை, பக்கத்தில் பாடநூல் சொற்களையும் எழுதச் சொல்வேன்.

இணைப்பு முழுக்கக் கெடாமல் அரைகுறையாகக் கெட்டால் நிலைமை இன்னும் மோசம். இதைக் கரும்பலகையில் மட்டும் நடத்துகிறேன். விசிறியை 0.8 ஓம் என்று கொள்வோம். மோட்டார் ஓம் விதிக்கு அப்படியே கட்டுப்படாது. இது தோராயம்தான் என்று சொல்லிவிட வேண்டும். நல்ல நிலையில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர், திறன் 180 வாட். இணைப்பில் 0.4 ஓம் சேர்ந்தால் மொத்தம் 1.2 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர். விசிறிக்குக் கிடைப்பது 8 வோல்ட், 80 வாட். பாதிக்கும் குறைவான திறனில் அது மந்தமாகச் சுற்றும், ஓட்டுநர் அதைப் பார்த்து நிம்மதி அடைவார். மீதி 4 வோல்ட், 10 ஆம்பியர், ஆக 40 வாட் அந்தச் சின்ன இணைப்பில் வெப்பமாகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளாஸ்டிக் கனெக்டர் கருகாமல் என்ன செய்யும்?

"ஃபியூஸ் போயிருக்கணுமே சார்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்காவிட்டால் நான் கேட்பேன். ஃபியூஸ் மின்னோட்டம் கூடினால்தான் உருகும். இங்கே அது 15லிருந்து 10 ஆகக் குறைந்திருக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருப்பதால் சுற்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கற்பிப்பவர் கவனிக்க வேண்டியவை சில. பேட்டரியின் முனைகளுக்கு வெகு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். சிறிய பேட்டரியும் குறுக்குச்சுற்றில் ஒயரைப் பழுக்கவைக்கும். உண்மையான காரைக் காட்டுவதாக இருந்தால், குளிர்ந்த காரைக் காட்டுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் சில கார்களில் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும், பிள்ளைகளின் கை அங்கே போகக் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை வெப்ப இயற்பியலோடு சேர்த்தே சொல்லலாம். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் இறங்கிக் கொதித்து முகத்தில் பீறிடும்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வைப்பதில்லை. அளப்பதற்கு முன் எழுதிய எண்ணும் மீட்டர் காட்டிய எண்ணும் மாறுபட்ட இடத்தில், மாணவர் எழுதிய காரணத்தை மட்டும் படிக்கிறேன். எண் தவறாக இருந்து காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண்.

விரைவில் முடித்துவிடும் குழுவுக்கு ஒரு புதிர் வைத்திருக்கிறேன். உள்ளே சிறு விளக்கு எரியும் மூன்று முனைச் சுவிட்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு முனை பேட்டரிக்கு, ஒன்று ரிலேக்கு, மூன்றாவது விளக்கின் எர்த்துக்கு. அப்படியொரு சுவிட்சில் ரிலே ஒயரையும் எர்த் ஒயரையும் ஒருவர் இடம் மாற்றி இணைத்துவிட்டார். சுவிட்ச் அணைந்திருக்கும்வரை தொல்லையே இல்லை. போட்ட கணத்தில் ஃபியூஸ் போகிறது. புது ஃபியூஸ் போட்டாலும் அதே கதி. சுவிட்சின் உட்படத்தை வரைந்து, மின்னோட்டம் போன வழியைச் சிவப்பு மையால் காட்ட வேண்டும்.