ஐப்பசி, கார்த்திகை: கடல் மீன் தொட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் கடல் மீன் வளர்ப்பவர்கள் இந்த இரண்டு மாதமும் தீனி போடும்போதெல்லாம் மீனின் இரண்டு கண்களையும் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் போதாது. மேலிருந்தோ நேரெதிரிலிருந்தோ பார்த்தால்தான் ஒரு கண் பிதுங்கியிருப்பது பிடிபடும். மீனுக்கு நம்மைப்போல மூடித் திறக்கும் இமை கிடையாது. தண்ணீர் கெட்டால் செவுளோடு விழியும் வதைபடும்.

கேனில் கடல் தண்ணீர் எடுத்து வருபவர்கள் மழை பிடித்துக்கொண்ட பிறகு அதை நிறுத்திவிடுங்கள். கூவமும் அடையாறும் வெள்ளத்தைக் கடலில் கொட்டும் நாட்களில் கரையோரத் தண்ணீரில் உப்பு குறையும், சாக்கடை கலந்திருக்கும். தெளிவாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். மாற்றுத் தண்ணீரை மழைக்கு முன்பே பிடித்து மூடி வையுங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டிய பிறகு ஊற்றுங்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம், தொட்டித் தண்ணீர் கோடையைப்போல வற்றாது. கைப்பழக்கத்தில் தினமும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்பு இறங்கிவிடும். மட்டத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

அடுத்தது மின்வெட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று இன்றே வாங்கி வையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் தீனி வேண்டாம். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீர் அத்தனையும் தொட்டிக்குள் வரும். கழற்றிக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். கரண்ட் வந்ததும் விளக்கு தானாக எரியும்படியும் விடாதீர்கள். இருட்டில் கிடந்த மீன் திடீர் வெளிச்சத்தில் மிரண்டு ஓடிப் பாறையில் மோதும். கண் காயங்களில் பல இப்படி வருபவைதான்.

ஒரு கண் மட்டும் பிதுங்கியோ வெளுத்தோ இருந்து, மீன் வழக்கம்போலத் தின்றால், பெரும்பாலும் அடிபட்டிருக்கும். மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முட்டித் துரத்தும் மீன் எதுவென்று பார்த்துப் பிரியுங்கள், தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக வையுங்கள், பொறுங்கள். வெளுப்பு சில நாளில் தெளியும். வீக்கம் வாரக்கணக்கில் இழுக்கும். ஊசியால் குத்தி வீக்கத்தை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் கெட்டாலோ, பல மீன்களுக்கு ஒன்றாக வந்தாலோ சந்தேகம் தண்ணீர் மேல்தான். அம்மோனியாவைச் சோதியுங்கள். கடல் தொட்டியின் காரத்தன்மையில் அதன் நஞ்சு இன்னும் கூடுதல். கொஞ்சம் தென்பட்டாலே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். கண்ணுக்குள்ளேயே சின்னச் சின்னக் காற்றுக் குமிழி தெரிந்தால், பம்ப் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கலாம். ஃபில்டர் சம்ப்பில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீக்கம் அதிகமாக இருந்தால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மணலும் பாறையும் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பை, மணமோ நிறமோ சேராததாகப் பார்த்து, தனியாகக் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். கண்ணுக்குப் பின்னால் தேங்கிய நீர் வடிய உதவும். தண்ணீர் மாற்றும்போது புதிதாக ஊற்றும் அளவுக்கு மட்டும் எப்சம் உப்பு சேருங்கள்.

கண் மங்கிய மீன் பாறையில் உடலைத் தேய்த்துக்கொண்டால் ஒட்டுண்ணித் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். உடலோடு நிறம் ஒத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தொட்டியின் அதே வெப்பத்தில், ஆப்ப சோடா சேர்த்து அதே பி.எச்.சுக்குக் கொண்டுவந்து, காற்று விட்ட, உப்பில்லாத நல்ல தண்ணீரில் மீனை 5 நிமிடம் விடுங்கள். மீன் சாய்ந்து துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள். புழு இருந்தால் வெளுத்து எள்ளளவில் உதிரும். அப்படி உதிர்ந்தால் மற்ற மீன்களுக்கும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தனித் தொட்டியில் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்துக்கு உட்படுத்துங்கள். அது முட்டையைக் கொல்லாது. ஒரு வாரம் போல விட்டு மறுபடி கொடுக்க வேண்டும்.

தின்னாமல், மூச்சு இரைத்து, வயிறும் உப்பியிருந்தால் அது விப்ரியோ போன்ற பாக்டீரியா உடலுக்குள் பரவியதாக இருக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படும், ஆனால் எது, எவ்வளவு என்பதை மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைப் பெரிய தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் செத்து அம்மோனியா ஏறும். செம்பு மருந்தும் அங்கே கூடாது. பவளத்துக்கும் இறாலுக்கும் அது எமன், கண் வீக்கத்துக்கோ பயனே இல்லை.

ஒரு கண் போய்விட்டால் மீன் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒற்றைக் கண்ணோடு வருடக்கணக்கில் வாழும். பார்வை உள்ள பக்கமாகத் தீனி போடுங்கள், மற்ற மீன்கள் பிடுங்கித் தின்றால் நீளமான இடுக்கியில் பிடித்து நேராக அதன் வாய்ப்பக்கம் நீட்டுங்கள்.