கணிப்பொறி: கிரயமா, வாடகையா?

நெசவாளர் சங்கங்கள் சிலவற்றின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இப்பொழுது எழும் கேள்வி இது. முந்தானைக்கும் கரைக்கும் வரைபடத் தாளில் கட்டங்கட்டமாகப் புள்ளியிட்டு ஜக்கார்டு அட்டை அடித்த வேலையைக் கணிப்பொறி ஏற்று வருகிறது. பெரிய டிசைன்களைத் தடங்கலின்றிக் கையாளும் உயர்தர யந்திரத்தின் விலையோ இலட்சக்கணக்கில் போகிறது. செலவாவது அங்கத்தினரின் பணம்.

கேள்வி புதிதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி தன் கணக்கிடும் யந்திரங்களை நெடுங்காலம் வாடகைக்கே விட்டு வந்தது. 1956 ஜனவரியில் ஏற்பட்ட இசைவுத் தீர்ப்பின்படி விற்கவும் கடமைப்பட்டது. 1959-இல் வெளிவந்த அதன் 1401 யந்திரத்தின் மாத வாடகை 2,500 டாலரிலிருந்து தொடங்கியது. கிரயத்துக்குக் கிடைத்த பின்னும் வாடகையை விரும்பியோர் பலர். யந்திரம் பழையதாகும் நஷ்டம் கம்பெனியைச் சேர்ந்ததன்றோ! பின்னர், அதன் 360 வரிசை யந்திரங்களை வாங்கிக் குறைந்த வாடகைக்கு விடும் தனி நிறுவனங்கள் தோன்றின. 1970-இல் புதிய 370 வரிசை அறிவிக்கப்பட்டதும் அவற்றின் கையிருப்பு மதிப்பிழந்தது. ஆகவே, நாம் செலுத்தும் வாடகையில் ஒரு பகுதி, அந்த நஷ்டத்தைச் சுமப்பவருக்கு நாம் தரும் கூலியே. அக்கூலி நியாயமானதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

உதாரணக் கணக்கு ஒன்று போடுவோம். விலை வரி உட்பட ரூ. 3,00,000 என்க. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், 36 மாதக் கடனில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 9,964, மொத்தம் ரூ. 3,58,700. மூன்றாண்டுப் பழுதுச் செலவு ரூ. 40,000. முடிவில் யந்திரம் ரூ. 50,000-க்கு விலை போனால் நிகரச் செலவு ரூ. 3,48,700. பழுது பார்ப்பதும் சேர்த்து மாத வாடகை ரூ. 10,500 என்றால் மொத்தம் ரூ. 3,78,000. கிரயமே ரூ. 29,300 மலிவு. ஆனால் பழைய யந்திரத்துக்கு ரூ. 10,000 மட்டுமே கிடைத்தால் கிரயச் செலவு ரூ. 3,88,700 ஆகிவிடும், அப்பொழுது வாடகையே மலிவு. தீர்ப்பு முழுவதும் அந்தக் கடைசி விலையில் தொங்குகிறது. விற்பவர் சொல்லும் மதிப்பை நம்பாமல், மூன்று வயதான அதே வகை யந்திரம் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று நேரில் விசாரிப்பதே உசிதம்.

ஏட்டு மதிப்பும் உதவாது. வருமான வரிக் கணக்கில் 2017-18 நிதியாண்டு முதல் கணிப்பொறிக்குத் தேய்மானம் 40 சதவீதம். மூன்று லட்சம் மூன்று முழு ஆண்டுகளில் ரூ. 64,800 ஆகிறது. அவ்விலைக்கு வாங்க ஆள் வருவார் என்பது உறுதியன்று.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை நான் ஆய்வுக்குச் சென்ற சங்கமொன்றில் கண்டேன். டிசைன் வேலை அறிந்த இளைஞர் விலகிப் போனார். வேறொருவர் பயிற்சி பெறவில்லை. யந்திரம் துணி மூடிக் கிடந்தது. கடன் தவணை மட்டும் தவறாமல் நடந்தது. மாதத்தில் எத்தனை நாள் வேலை, அதை யார் செய்வார் என்று கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. மாதம் நாலைந்து நாள் வேலைதான் என்றால் இரண்டுமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வெளியில் கூலி கொடுத்து டிசைன் போட்டுக்கொள்ளலாம்.

வாடகையே என்று தீர்மானித்தாலும் ஒப்பந்தத்தை முழுதும் படித்தே கையொப்பமிட வேண்டும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய மாதங்களுக்கும் பணம் கேட்கும் ஷரத்து இருந்தால், வாடகையின் சௌகரியம் பாதி போயிற்று. மின்னழுத்த ஏற்றத்தால் பழுதானால் பொறுப்பு யாருடையது, டிசைன் மென்பொருளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்தில் பெறுக. யந்திரத்தைத் திருப்பித் தருமுன் டிசைன்கள் அனைத்தையும் சங்கத்தின் சொந்தத் தட்டில் பதிவு செய்துகொண்டு, யந்திரத்திலிருந்து அவற்றை மீளாதபடி அழித்துவிட வேண்டும். யந்திரம் அவர்களுடையது, டிசைன் சங்கத்தினுடையது.