திங்களிலிருந்து வந்த மெல்லிய குரல்

வானில் தவழும் வெண்திங்கள் என்றும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகின்றது. அதன் மறுபுறத்தைப் புவியில் நிற்போர் எவரும் காண்டல் இயலாது. காட்சி மட்டுமன்று, புவியின் வானொலி அலைகளும் ஆங்குச் செல்லா. ஏறத்தாழ 3,475 கிலோமீட்டர் குறுக்களவுடைய அக்கற்கோளம் அவற்றைத் தடுத்துவிடுகின்றது. ஆதலின், விண்ணின் நெடுந்தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்க விழைவோர்க்கு அம்மறைவிடம் மிகவும் ஏற்றதாகும்.

அவ்வமைதியை நாடிச் சீன நாட்டின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தார் லோங்சியாங் என்னும் பெயருடைய இரண்டு சிறு செயற்கைக்கோள்களை அமைத்தனர். அவை 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏவப்பட்டன. முதலாவது, திங்களை அடையாமலே தொலைந்தது. 47 கிலோகிராம் எடையுள்ள இரண்டாவது மட்டும் திங்களைச் சுற்றலாயிற்று.

புவியின் இரைச்சலைத் தடுக்கும் திங்கள், அச்செயற்கைக்கோளின் குரலையும் தடுக்குமன்றோ? ஆகவே மறுபுறத்தில் அறிந்தவற்றை அது தன் நினைவகத்தில் சேர்த்துவைத்து, நம் பக்கம் வெளிப்படும்போதே கூறுதல் வேண்டும். அப்போதும் தொலைவு என்னும் இடர் உண்டு. வானொலி அலை பரவப் பரவ மெலியும். தொலைவு இருமடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். புவிக்கு 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் கோளின் குரலோடு ஒப்பிட்டால், 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அதே குரல் ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒரு பங்கே வலிமையுடையது.

வானொலி ஆர்வலர்களுக்கென அக்கோளில் அமைந்த சிறு ஒலிபரப்பியின் ஆற்றலோ சுமார் 2 வாட். ஒரு சிறு கைவிளக்கிற்குப் போதுமான அளவே. இத்துணை மெலிந்த குரலைத் தெளிவாகக் கேட்பிக்க அறிஞர் மூன்று வழிகளைக் கொண்டனர். முதலாவது, மெல்லப் பேசுதல்: 0, 1 என்னும் குறிகளை நொடிக்குச் சில நூறு என்ற அளவிலேயே அனுப்பினர். இரண்டாவது, மிகைபடக் கூறுதல்: சில குறிகள் சிதைந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு செய்தியை மீட்கும்வண்ணம் துணைக்குறிகளைச் சேர்த்தனர். மூன்றாவது, பெருஞ்செவி கொண்டு கேட்டல்.

அப்பெருஞ்செவி நெதர்லாந்து நாட்டின் டுவிங்கலூ என்னும் ஊரில் உள்ளது. 1956ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வானொலித் தொலைநோக்கியின் வட்டில் 25 மீட்டர் அகலமுடையது. பணி ஓய்ந்து பழுதுற்று நின்ற அதனை ஆர்வலர் சிலர் ஊதியம் கருதாது செப்பனிட்டிருந்தனர். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் அவர்கள் பெற்ற படம் ஒன்றில், திங்களின் மறுபுறமும், அதற்கப்பால் நீலப் புவியும் ஒருங்கே விளங்கின. அச்சிறு படம் ஒன்று வந்துசேர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆயின.

அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள், முன்னரே வகுத்தபடி, அக்கோள் திங்களின் மறுபுறத்தில் மோதி மறைந்தது. பயன்முடிந்த கோள் திங்களின் சுற்றுவழியில் குப்பையாய்த் திரிதல் தகாது என்பது கருதியே அவ்வாறு வகுத்தனர். மறைவினின்று மீண்டும் வெளிப்பட்டிருக்க வேண்டிய வேளையில் அதன் குரல் எழவில்லை.

மாணவர்களே! அக்கோளின் குரல் மெலிந்ததே. எனினும் அது நிறுத்திப் பேசிற்று. அதைக் கேட்டவர்களும் சலியாது செவிசாய்த்தனர். அதனாலன்றோ நம் புவியை நாமே திங்களுக்கு அப்பாலிருந்து காணப் பெற்றோம்!