வருகையும் தங்கலும்

கேள்வி: ஒரு தேசத்துக்கு வரும் பிரயாணிகளின் தொகை பெருகினால், விடுதிகளும் அதே விகிதத்தில் நிரம்புமா?

பதில்: அவசியமில்லை. வருகை என்பது ஒருவர் விடுதியில் வந்து இறங்குவதை மட்டுமே குறிக்க, அவர் எத்தனை இரவு தங்கினார் என்பதே விடுதிக்காரரின் ஜீவனத்தை நிர்ணயிப்பதால், ஆஸ்திரியாவில் இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். உள்நாட்டார் உட்பட, 2019-இல் அங்கே சுமார் 4.6 கோடி வருகைகளும் 15.3 கோடி இரவுகளும் பதிவாயின. தலைக்கு மூன்று இரவுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். முன்னொரு காலத்தில் குடும்ப சமேதராய் ஏரிக்கரையில் வாரக்கணக்கில் தங்கிய ஜெர்மானியரின் சந்ததியார், இன்று அடிக்கடி வந்து, சீக்கிரமே திரும்பிவிடுகிறார்கள். கொரோனாவினால் பனிச்சறுக்குப் பருவமே பாழான 2021-இல் ஏறத்தாழ 8 கோடியாகச் சரிந்த இரவுகள், 2023-இல் 15 கோடியைத் தாண்டி மீண்டன. விருந்தினர் மாறுந்தோறும் படுக்கை விரிப்பை மாற்றும் ஊழியருக்குத்தான் இந்தக் குறுகிய தங்கல்களால் சிரமம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.