இறக்குமதியால் வேலையிழந்தோருக்கு அரசாங்க உதவி
அமெரிக்க அனுபவம் தரும் பாடம்

சுங்கவரி குறைந்தால் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து சேருகிறது. அதை வாங்கும் கோடிக்கணக்கான மக்களுக்குத் தலைக்குச் சிறிதளவு லாபம் கிட்டுகிறது. ஆனால், அதே சரக்கைச் செய்து வந்த உள்நாட்டு ஆலை மூடப்படுமாயின், அங்கு உழைத்தவருடைய ஜீவனம் முழுவதும் போய்விடுகிறது. பலருடைய நன்மைக்காகச் சிலர் அடையும் இந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டியவர் யார்? அமெரிக்க ஐக்கிய நாடு இக்கேள்விக்குக் கண்ட விடையையும், அதில் நேர்ந்த குறைகளையும் கிராமத் தொண்டில் ஈடுபட்டோர் அறிந்து கொள்வது பயனுடையதாகும்.

திட்டத்தின் தோற்றம்

ஜனாதிபதி கென்னடியின் காலத்தில், 1962-ஆம் ஆண்டு வாணிப விரிவுச் சட்டம் நிறைவேறியது. வரிக் குறைப்பினால் வேலையிழந்தோருக்கு உதவித் தொகையும் தொழிற்பயிற்சியும் அளிக்க அச்சட்டம் வகை செய்தது. முன்பு பெற்ற வாரக் கூலியில் 65 சதவீதம் வரை, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு, 52 வாரங்களுக்கு வழங்கலாம் என்று விதிக்கப்பட்டது. எனினும், வரிக் குறைப்பே இறக்குமதி பெருகியதற்கும், அவ்விறக்குமதியே வேலையிழப்பிற்கும் பிரதான காரணம் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்நிபந்தனை மிகக் கடுமையானது. ஆகவே, 1969-ஆம் ஆண்டு வரையில் ஒரு தொழிலாளர் மனுவேனும் ஏற்கப்படவில்லை. சட்டம் இருந்தது, பயன் பெற்றவர் இல்லை. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை நீக்கியது. இறக்குமதி ஒரு முக்கியக் காரணமாக இருந்தாலே போதும் என்று ஏற்பட்டது.

உதவி பெறும் வழி

வேலையிழந்தோரில் மூவர் சேர்ந்தேனும், அவர்களுடைய சங்கத்தின் வாயிலாகவேனும் மத்திய தொழிலாளர் இலாகாவுக்கு மனுச் செய்து கொள்ளலாம் என்றிருந்தது. இலாகா விசாரித்துச் சான்று வழங்கியது. சான்று பெற்றவர்களுக்குப் பயிற்சிச் செலவும், வேலையில்லாக் கால இன்ஷூரன்ஸ் தொகை தீர்ந்த பின்னர் வாராந்தர உதவியும், வேறு ஊரில் வேலை தேடிச் செல்லவும் குடிபெயரவும் பணமும் கிடைத்தன. 2002-ஆம் ஆண்டில், 50 வயது கடந்தவர்களுக்குப் புதியதொரு வசதி சேர்க்கப்பட்டது. குறைந்த சம்பளத்தில் வேறு வேலை ஏற்றவருக்குப் பழைய, புதிய கூலிகளின் வித்தியாசத்தில் பாதி, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை கிடைத்தது.

கானபோலிஸ் நகரின் கதை

வட கரோலினா மாநிலத்திலுள்ள கானபோலிஸ் ஒரு பஞ்சாலை நகரமாக இருந்தது. ஜேம்ஸ் வில்லியம் கானன் என்பவர் 1906-ஆம் ஆண்டில் அங்கு நிலம் வாங்கி ஆலையை நிறுவினார். துவாலைகளும் படுக்கை விரிப்புகளும் அங்கு நெய்யப்பட்டன. தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் ஆலைக்கே சொந்தமாக இருந்தன. அவ்வூருக்கு நகராட்சி ஏற்பட்டதே 1984-ஆம் ஆண்டில்தான். ஆலையே ஊர், ஊரே ஆலை எனத் தலைமுறைகள் வாழ்ந்தன. படிப்பு முடியாதவருக்கும் ஆலையில் வேலை கிடைத்தமையால், பலர் இளமையிலேயே பள்ளியை விட்டனர்.

பிற்காலத்தில் பில்லோடெக்ஸ் என்ற கம்பெனியின் வசமான இந்த ஆலை, அயல்நாட்டுத் துணியின் போட்டியைத் தாங்காமல், 2003 ஜூலை 30-ஆம் தேதி மூடப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் சுமார் 4,800 பேர் வேலையிழந்தனர். அரசாங்க உதவி வந்தது. சமூகக் கல்லூரியும் இடமளித்தது. ஆனால், உயர்நிலைக் கல்வியை முடிக்காத பலர், புதிய தொழிலைக் கற்பதற்கு முன் எழுத்தையும் கணக்கையும் மீண்டும் கற்க வேண்டியவராயினர். இருபது, முப்பது ஆண்டுகள் தறியருகே நின்றவர்கள் மாணவர் வரிசையில் அமர்ந்தனர்.

உதவிக்கோ கால வரம்பு இருந்தது. சான்று வழங்கிய 8 வாரங்கள், அல்லது வேலை போன 16 வாரங்கள், இவ்விரண்டில் பிந்தியதற்குள் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அன்றைய பொது விதி. அடிப்படைக் கல்வி தேவைப்பட்டோருக்கு மேலும் 26 வாரங்கள் உதவித் தொகை நீட்டிக்கப்பட்டமை இச்சட்டத்தின் நல்ல அம்சமாகும்.

நாம் கற்க வேண்டியவை

2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்று வழங்கும் அதிகாரம் காலாவதியாயிற்று. முன்னரே சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. இவ்வரலாற்றினின்றும் மூன்று உண்மைகள் விளங்குகின்றன.

முதலாவது, எளியவர் எட்ட முடியாத நிபந்தனை விதிக்கும் உதவி, உதவியாகாது.

இரண்டாவது, மனு எழுதவும் கெடு தவறாமல் சேரவும் தொழிலாளிக்குத் துணை நிற்க ஒருவர் வேண்டும். ஊராட்சி உறுப்பினரும் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் இப்பணிக்கு ஏற்றவர்கள்.

மூன்றாவதே முதன்மையானது. உதவித் தொகை அடுப்பெரியச் செய்யும். ஆனால், அடிப்படைக் கல்வி இல்லாதவனுக்குப் புதிய தொழிலைச் சில மாதங்களில் கற்பித்து விட இயலாது. முதியோர் கல்வி வகுப்பு ஆலை மூடிய பின் தொடங்க வேண்டியதன்று. ஆலைச் சங்கு தவறாமல் ஒலிக்கும் நாளிலேயே தொடங்க வேண்டியதாகும்.