கழற்றும் முன் காது கொடு
பழைய புல்லட்டின் கார்ப்பரேட்டரை வீட்டிலேயே சரிசெய்யப் போகும் பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கச்சி, உங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட் 350-இல் இருப்பது பெரும்பாலும் மிக்கார்ப் விஎம்24 கார்ப்பரேட்டர். ஜப்பானிய மிக்குனியின் வடிவமைப்பில் நம் ஊரிலேயே செய்தது. கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனர் வைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் தன் நோவு எங்கே என்பதை அது ஒளிக்காமல் சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்த பிறகு ஸ்பேனரை எடு.

1. எடுத்தவுடன் கார்ப்பரேட்டரைச் சந்தேகிக்காதே. பிளக்கில் நெருப்பு வருகிறதா, பிளாட்டினம் பாயின்ட் கருகியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார். சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் டேங்க் மூடியைத் திற. காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் துளைதான் அடைப்பு.

2. எந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று பார். ஆக்ஸிலேட்டர் பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள். ஐட்லிங் நிற்கவில்லை என்றால் பைலட் ஜெட். காலிலிருந்து முக்கால் வரை திணறினால் நீடில். முக்காலுக்கு மேல் இழுவை இல்லையென்றால் மெயின் ஜெட். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

3. பிளக்கைப் படி. வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டனே போய்விடும். காப்பித்தூள் நிறம் இருந்தால் நலம்.

4. வெட்டவெளியில் உட்கார். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பு, பூஜை விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடி, மிதவைக் கிண்ணத்தில் மிச்சம் உள்ளதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார். அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தேங்கினால், அல்லது துருத்தூள் தங்கினால், குற்றம் டேங்கில். அதைக் கழுவாமல் கார்ப்பரேட்டரைக் கழுவி என்ன பயன்?

5. ஒவ்வொரு படியையும் போனில் படம் எடு. கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் தட்டில் அடுக்கு. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதிக்கொள். ஜெட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் அன்றைக்கு வேலையைத் தொடாதே. பித்தளை ஜெட்டின் தலை ஒருமுறை சிதைந்தால் சிதைந்ததுதான்.

6. ஜெட்டைக் கம்பியால் குத்தாதே. இளம் வயதில் நான் தையல் ஊசியால் ஒரு மெயின் ஜெட்டைக் குத்தினேன். அடைப்பு போயிற்று, துளையும் பெருத்துவிட்டது. மாதக்கணக்கில் கரும்புகை. ஜெட்டின் மேல் பொறித்த எண் அந்தத் துளையின் அளவுக்கானது. துளை மாறினால் எண் பொய். கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவை, காற்றடித்து ஊது, வெளிச்சத்தில் பிடித்து வட்டமாகத் தெரிகிறதா பார். கிளீனர் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். ஒரு துளையில் அடித்தது மறு துளை வழியாகக் கண்ணுக்கு வரும். ரப்பர் வளையங்களை முன்னரே தனியே எடுத்துவிடு.

7. ஓவர்ஃப்ளோ ஆனால் மிதவையைக் காதருகே குலுக்கு. உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, மாற்று. மிதவை ஊசியின் கூம்பில் வளையமாகத் தழும்பு தெரிந்தால் அதையும் மாற்று.

8. மாட்டும்போது அவசரம் வேண்டாம். ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். நீடில் கிளிப் இருந்த காடியிலேயே இருக்கட்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் ஸ்லைடு டப்பென்று கீழே விழ வேண்டும்; அந்தச் சத்தம் கேட்காமல் கிக்கரில் கால் வைக்காதே. எஞ்சின் ஓடும்போது கார்ப்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சொட்டவிடு. ஓட்டம் மாறினால் அங்கே காற்று கசிகிறது.

9. டியூனிங் சூடான எஞ்சினில்தான். ஏர் ஸ்க்ரூவை முட்டவைத்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் சீராகி ஏறும் இடத்தைப் பிடி; பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் வண்டி எதற்குப் பதில் சொல்கிறது என்று உனக்குத் தெரியாது.

10. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும். சில வாரம் வண்டியை எடுக்கமாட்டாய் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, மிதவைக் கிண்ணத்தை வடித்துவிடு.

எல்லாம் முடிந்ததும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பார். காப்பித்தூள் நிறம் தெரிந்தால், அந்த வண்டி சொன்னதை நீ சரியாகக் கேட்டிருக்கிறாய்.