பச்சை வெளிச்சம் வலியைக் குறைக்குமா? கணக்கு வைத்துப் பார்ப்போம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி நோட்டை மூடிய பிறகு நாம் என்ன பேசுகிறோம்? "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுக்கா." "நடவுக்குப் போய் வந்தா இடுப்பை நிமித்த முடியல." "தவணை தேதி நெருங்கினாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." நம் வல்லம் வட்டாரத்தில் நெல் நடவு, மல்லாட்டைக் களை, கரும்பு வேலை என்று குனிந்த முதுகு நிமிராமல் உழைப்பவர்கள் நாம். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, மாடு, பிள்ளைகள். வலி இல்லாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு நாம் செய்யும் வைத்தியம் என்ன? மருந்துக் கடையில் "வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவதுதான். இப்போது புதிதாக ஒரு பேச்சு வந்திருக்கிறது: "பச்சை விளக்கு வெளிச்சத்துல உக்காந்தா வலி குறையுமாம், மனசு அமைதியாகுமாம்." இது உண்மையா? எவ்வளவு உண்மை? நம்பிக் காசு செலவு செய்யலாமா? இந்த மாதப் பாடத்தில் இதைப் படிப்போம்.

வெளிச்சம் மருந்தாகுமா?

ஆகும். இது நமக்கே தெரிந்த விஷயம்தான். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் ஆஸ்பத்திரியில் "லைட்டில் வைக்க வேண்டும்" என்பார்கள். அந்த நீல வெளிச்சம், குழந்தையின் உடம்பில் தேங்கிய மஞ்சள் பொருளை மாற்றி, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேற வைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தவர் ஒரு நர்ஸ். 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வார்டு, குழந்தைகளை வெயிலில் காட்டி எடுப்பார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதையும், துணி மூடியிருந்த இடத்தில் மஞ்சள் அப்படியே இருப்பதையும் அவர் கவனித்து டாக்டர்களிடம் காட்டினார். டாக்டர்கள் அதைச் சோதித்து 1958இல் எழுதி வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் அந்தச் சிகிச்சை நடக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. முதலில் ஒருவர் கவனித்தார். பிறகு பலர் சோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அது சிகிச்சை ஆனது. பச்சை வெளிச்சம் இந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

பச்சைக்கு மட்டும் என்ன சிறப்பு?

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வெளிச்சமே ஆகாது என்பது தெரிந்ததுதான். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராமி பர்ஸ்டீன் குழுவினர் எந்த நிற வெளிச்சம் தலைவலியைக் கூட்டுகிறது என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டிக் கேட்டார்கள். வெளிச்சம் பிரகாசமாக இருந்தபோது, பச்சை தவிர மற்ற நிறங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வலி கூடியதாகச் சொன்னார்கள். பச்சைதான் மிகக் குறைவாகத் தொந்தரவு செய்தது. மங்கலான பச்சை சிலருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கவும் செய்தது. பச்சை வெளிச்சம் படும்போது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் மின் சமிக்ஞை சிறியதாக இருப்பதையும் அளந்து பார்த்தார்கள். இது 2016இல் வெளியானது.

அடுத்தது அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே வலி மருத்துவராக இருக்கும் மொஹாப் இப்ராஹிமின் சகோதரருக்குத் தலைவலி உண்டு. அவர் மரங்கள் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் வலி குறைகிறது என்று சொல்வாராம். நாம் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுப்பதில்லையா, அது போலத்தான். அது நிழலாலா, காற்றாலா, பச்சை நிறத்தாலா என்று இப்ராஹிம் யோசித்தார். ராஜேஷ் கன்னா என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து முதலில் எலிகளை வைத்துச் சோதித்தார். தினமும் 8 மணி நேரம் பச்சை எல்.இ.டி. வெளிச்சத்தில் இருந்த எலிகள், வலியை அதிகம் தாங்கின. வெளிச்சத்தை நிறுத்திய பிறகும் சில நாட்கள் அந்தப் பலன் இருந்தது. எலிகளின் கண்ணில் வெளிச்சம் புகாத வில்லையை வைத்தபோது பலன் இல்லை. ஆகவே இது கண் வழியாகத்தான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. நம் உடம்பே வலியைக் குறைக்கச் சில பொருட்களைச் சுரக்கிறது. பச்சை வெளிச்சம் அந்தச் சுரப்பைத் தூண்டுவதாக அவர்கள் 2017இல் எழுதினார்கள்.

மனிதர்களிடம் சோதித்தபோது

எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அதே குழுவினர் ஒற்றைத் தலைவலி உள்ள 29 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் சோதித்த முறையைக் கவனியுங்கள். முதல் 10 வாரம் வெள்ளை வெளிச்சம். அதன்பின் 10 வாரம் பச்சை வெளிச்சம். வீட்டில் ஓர் இருட்டறையில் மங்கலான விளக்கைப் போட்டு, தினமும் 1 முதல் 2 மணி நேரம் உட்கார வேண்டும். கண்ணைத் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், தூங்கக் கூடாது. தலைவலி வந்த நாளையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்.

முடிவு என்ன? பச்சை வெளிச்சத்துக்குப் பிறகு தலைவலி வரும் நாட்கள் சராசரியாக 60 சதவீதம் குறைந்தன. மாதத்தில் 22 நாள் வலியால் தவித்தவர்களுக்கு அது 9 நாள் அளவுக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் குறையவில்லை. சிலருக்குப் பெரிய பலன் இல்லை. பக்க விளைவு என்று யாரும் சொல்லவில்லை.

"தினமும் ரெண்டு மணி நேரம் இருட்டுல சும்மா உக்காந்தா யாருக்குத்தான் வலி குறையாது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்காகத்தான் முதலில் வெள்ளை வெளிச்சத்தில் உட்கார வைத்தார்கள். அதே ஓய்வு, அதே அறை. ஆனால் வெள்ளையில் அந்த அளவு பலன் இல்லை.

பயம், பதற்றம் பற்றியும் ஒரு சோதனை உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தில் பத்மா குலூர் என்ற பெண் மருத்துவர், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியா என்ற நோயுள்ள 34 பேருக்கு நிறக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார். தினமும் 4 மணி நேரம், 2 வாரம். 2022இல் முடிவைச் சொன்னார். பச்சைக் கண்ணாடி போட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது. ஆனால் வலியின் அளவு மாறவில்லை. அதாவது வலி அப்படியே இருக்க, வலியைப் பற்றிய பயம் குறைந்திருக்கிறது. பயம் குறைந்தால் வலியோடு சமாளிப்பது எளிது என்பது பிரசவ வலி கண்ட நமக்குத் தெரியாததா?

அப்படியென்றால் நம்பலாமா?

பாதி நம்பலாம். ஏன் பாதி?

ஒன்று, சோதித்தவர்கள் எண்ணிக்கை குறைவு. 29 பேர், 34 பேர் என்பது நம் ஊரில் இரண்டு மூன்று குழுக்களின் உறுப்பினர் அளவுதான்.

இரண்டு, மாத்திரையில் என்ன மருந்து என்று தெரியாமல் கொடுத்துச் சோதிக்கலாம். வெளிச்சத்தின் நிறத்தை மறைக்க முடியாது. "இது நமக்கு நல்லது செய்யும்" என்ற நம்பிக்கையே சிலருக்கு வலியைக் குறைத்திருக்கலாம்.

மூன்று, இதெல்லாம் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியாவுக்கும் பார்த்தது. மூட்டுத் தேய்மானம், களை எடுத்து வந்த இடுப்பு வலி இவற்றுக்குப் பலன் தரும் என்று சொல்ல இது போதாது.

ஆகவே பச்சை வெளிச்சம் ஒரு துணை. டாக்டருக்கும் மாத்திரைக்கும் மாற்று இல்லை.

முயன்று பார்க்க விரும்பினால்

அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருபவர்கள் இதை முயன்று பார்க்கலாம். ஆனால் முறையாகச் செய்ய வேண்டும்.

1. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இரத்த அழுத்தம், இரத்தசோகை, கண் பார்வைக் குறை, காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவது, இவையும் தலைவலிக்குக் காரணம். காரணத்தை விட்டுவிட்டு விளக்கைப் போட்டுப் பயனில்லை. வலிப்பு நோய், கண் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் முயலக் கூடாது.

2. நோட்டுப் போடுங்கள். முதல் 4 வாரம் விளக்கு இல்லாமல் எழுதுங்கள். தேதி, எத்தனை மணி நேரம் வலி, 10க்கு எத்தனை அளவு, எத்தனை மாத்திரை, எத்தனை மணி நேரத் தூக்கம். ஐந்தே கட்டம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும்.

3. பிறகு விளக்கு. நிலையாக எரியும், குறைந்த வாட் பச்சை எல்.இ.டி. போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் கண்ணைக் கூசக் கூடாது. ஆராய்ச்சியில் அளந்து செய்த தனிப் பச்சை நிறத்தைப் பயன்படுத்தினார்கள். நம் வீட்டு ஜீரோ வாட் பல்பு பச்சைச் சாயம் பூசியது, அதில் வேறு நிறமும் கலந்து வரும். அதே பலனை அதில் எதிர்பார்க்க முடியாது.

4. செய்யக் கூடாதவை: மினுக்கி மினுக்கி எரியும் சீரியல் செட் வேண்டாம், அது தலைவலியைக் கூட்டும். பச்சை லேசர் விளக்கு கண்ணைக் கெடுத்துவிடும், கிட்டவே கொண்டுபோகக் கூடாது. பல்பைச் சுற்றித் துணியோ காகிதமோ கட்டினால் தீப்பிடிக்கும்.

5. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி கூடினால் விளக்கை நிறுத்துங்கள். 10 வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். குறைந்திருந்தால் தொடருங்கள். குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கணக்குப் பார்க்காமல் நாம் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. நம் உடம்புக்கும் அதே கணக்கு வேண்டும்.

பணம் ஜாக்கிரதை

"எல்லா வலியும் போகும், சர்க்கரையும் போகும்" என்று சொல்லிக்கொண்டு யாராவது விளக்கோ கண்ணாடியோ விற்க வந்தால் ஏமாறாதீர்கள். ஒரே பொருள் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள். இதற்காகக் குழுவில் கடன் கேட்டால் தீர்மானம் போடும் முன் டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பொய் விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இன்னொன்று: கடை மாத்திரை. மாதத்தில் 10, 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். நீங்கள் எழுதும் நோட்டு இதையும் காட்டிக் கொடுக்கும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

- இதுவரை இல்லாத அளவுக்குத் திடீரெனக் கடுமையான தலைவலி
- தலைவலியோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போதல், பார்வை மங்குதல்
- காய்ச்சலோடு கழுத்து விறைத்தல்
- தலையில் அடிபட்ட பின் வரும் தலைவலி
- கர்ப்பிணிக்குத் தலைவலியும் முகம், கை வீக்கமும்
- இடுப்பு வலியோடு கால் மரத்துப் போதல், சிறுநீர் அடக்க முடியாமை

இவற்றில் ஒன்று இருந்தாலும் விளக்கும் வேண்டாம், தைலமும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். மன பயம், தூக்கமின்மை, வாழ்க்கையே வெறுத்துப் போன எண்ணம் இருந்தால் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். தவணை கட்ட முடியாத பயம் என்றால் குழுவில் வாய் திறந்து சொல்லுங்கள். அதற்கு எந்த விளக்கும் மருந்தில்லை, நாம்தான் சேர்ந்து வழி பார்க்க வேண்டும்.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் மாதத்தில் 10 நாளுக்கு மேல் வலி மாத்திரை போடுபவர்கள் எத்தனை பேர்?
2. தலைவலிக்காக இரத்த அழுத்தமும் இரத்தமும் பரிசோதித்தவர்கள் எத்தனை பேர்?
3. ஒரு நாளில் ஒரு மணி நேரம் நமக்கென்று உட்கார நம்மால் முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பகிர்ந்துகொள்ளலாம்?

மூன்றாவது கேள்வியை வீட்டு ஆண்களிடமும் கேளுங்கள். பச்சை விளக்கு வாங்குவது சுலபம். அதன் எதிரே உட்கார நமக்கு நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.